நேர்காணலும் எழுத்தாக்கமும்: கலைஞர்தம் வாழ்க்கைக் கூற்றுகள் அச்சேறும் முறை

கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் கலை வாழ்க்கை, பட்ட துன்பங்கள், அண்மைக் காலப் படைப்பு ஆகியன பற்றி வினவி, அவர் கூறும் விடைகளை அச்சிடும் வழக்கம் தமிழிதழ்களில் நன்கு வேரூன்றிவிட்டது. கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்து 1991 முதல் 1995 வரை வெளிக்கொணர்ந்த சுபமங்களா இதழில் இடம்பெற்ற நீண்ட நேர்காணல்கள் இவ்வகைமைக்கு ஒரு தகுதியைத் தேடித்தந்தன. அதன்பின் சிறுபத்திரிகைகளும் வார இதழ்களும் தத்தம் போக்கில் இதனைத் தொடர்ந்தன. இன்று இலக்கிய வரலாறு எழுதுவோரும் நாட்டார் கலைகளை ஆய்வோரும் நேர்காணலை முதன்மைச் சான்றாகவே கொள்கின்றனர். ‘அவரே கூறியிருக்கிறார்’ என்ற தொடரோடு எத்தனையோ ஆய்வேடுகளில் வாதம் முடிந்துவிடுகிறது.

அவரே கூறியது எது என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. அச்சில் நாம் படிப்பது கலைஞரின் கூற்றா, அக்கூற்றின் மொழிபெயர்ப்பா? மொழிபெயர்ப்பாயின் அதனைச் செய்தவர் யார், எவ்விதிகளைப் பின்பற்றிச் செய்தார்? மொழிபெயர்ப்பு என்றால் மூலம், பெயர்ப்பு, பெயர்த்தவர் பெயர் மூன்றையும் கேட்கும் நாம், நேர்காணலில் மட்டும் இம்மூன்றையும் கேட்பதில்லை.

ஒரு மொழிக்குள் நிகழும் பெயர்ப்பு

இரட்டை வழக்கு என்னும் கருத்தைப் பெர்குசன் வரையறுத்தது 1959ஆம் ஆண்டில். ஒரு மொழியின் கூற்றை அம்மொழியின் பிற கூற்றுகளாலேயே மாற்றி உரைப்பதும் மொழிபெயர்ப்பின் ஒரு வகையே என யாகோப்சன் கூறியதும் அதே ஆண்டில்தான். இவ்விரு கருத்துகளும் சந்திக்குமிடம் தமிழ் நேர்காணல் ஆகும். கலைஞர் பேச்சு வழக்கில் பேசுகிறார். இதழ் எழுத்து வழக்கில் அச்சிடுகிறது. இடையிலுள்ள தொலைவு சிறிதன்று. தமிழின் இவ்விரு வழக்குகளுக்கும் இடையே ஒலியன், உருபன், தொடரன் எனப் பல நிலைகளிலும் வேறுபாடு உண்டு என்பதை மு. சண்முகம் பிள்ளை 1960இலேயே எடுத்துக்காட்டினார். பிரிட்டோ 1986இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்ந்தது.

இந்திய மொழிகள் அனைத்திற்கும் இச்சிக்கல் ஒரே அளவினது அன்று. வங்காளத்தில் 1914இல் தொடங்கிய சபுஜ் பத்ர இதழ் வழியாகப் பிரமத சௌதுரி பேச்சு வழக்கை ஒட்டிய சலித நடையை எழுத்துக்குக் கொண்டுவர முற்பட்டார்; தாகூரும் அந்நடையைக் கைக்கொண்டார். காலப்போக்கில் சாது நடையின் வினைவடிவங்கள் அச்சிலிருந்து விலகின. ஆகவே வங்காளக் கலைஞர் ஒருவர் பேசியதை எழுத்தாக்குவோர் வினைமுற்றுதோறும் ஒரு முடிவு எடுக்க வேண்டியதில்லை. தமிழில் எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் வினைமுற்றிலேயே எழுதுவோர் பக்கம் சேர்ந்துவிடுகிறார்.

இருவேறு மொழிகளுக்கிடையே நிகழும் நேர்காணலில் இப்பெயர்ப்பு கண்ணுக்குத் தெரியும். 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு இயக்குநர் திரூபோ, இட்சுகாக்கை அவர் பணியாற்றிய படப்பிடிப்பு நிலையத்தில் சந்தித்துத் தொடர்ந்து பல நாள்கள் உரையாடினார். ஒருவர் ஆங்கிலத்திலும் மற்றவர் பிரெஞ்சிலும் பேச, எலன் இசுகாட் என்பவர் இருவருக்குமிடையே மொழிபெயர்த்தார். நூல் முதலில் 1966இல் பிரெஞ்சில் வந்தது. ஆங்கிலப் பதிப்பு அடுத்த ஆண்டு வந்தது. ஒலிநாடாக்கள் பிழைத்திருப்பதால் நூலையும் நாடாவையும் ஒப்பிட்டோர் இரண்டிற்கும் இடையிலான வேறுபாடுகளைச் சுட்ட முடிந்தது. நம் இதழ்களின் நேர்காணல்களுக்கு இந்த வாய்ப்பு அரிது. அச்சானதும் நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்துவிடுவோம்.

ஒரு நாடாவும் அதன் அச்சு வடிவமும்

பிறருடைய நேர்காணலைக் குறைகூறுவது எளிது. எனவே இக்கட்டுரையாளர் தாமே செய்த ஒன்றைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். முனைவர்ப் பட்ட ஆய்வுக் காலத்தில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த முதிய நாகசுரக் கலைஞர் ஒருவரிடம் சில நாள்கள் பேசிப் பதிவுசெய்து, அதன் ஒரு பகுதியை நேர்காணலாக ஓர் இதழுக்குத் தந்ததுண்டு. நல்ல காலமாக அந்த நாடா அழிக்கப்படவில்லை. அண்மையில் அதனை மீண்டும் கேட்டு, அச்சு வடிவத்தோடு ஒப்பிட்டபோது கண்டவற்றுள் சில வருமாறு.

(1) நாடா: எனக்கு ஏழு வயசுல நாயனத்தக் கையில குடுத்துட்டாங்க. சீவாளில காத்தே போவல. அப்பறம் தானா வந்துச்சு.

அச்சு: ஏழு வயதில் நாகசுரம் கற்கத் தொடங்கினேன். முதலில் கடினமாகவே இருந்தது. பின்னர் இடைவிடாப் பயிற்சியால் தேர்ச்சி பெற்றேன்.

அச்சு வடிவத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. பொருளும் ஏறத்தாழ அதுவேயென்று அன்று தோன்றியது. ஆயினும் மூன்று தொடர்களிலும் எழுவாய் மாறியிருக்கிறது. நாடாவில் அவர் ஒரு தொடரிலேனும் எழுவாயாக வரவில்லை. முதல் தொடரில் ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்; கொடுத்தவர்கள் யாரோ பலர். இரண்டாவதில் காற்று எழுவாய். மூன்றாவதில் வித்தை தானாக வருகிறது. ‘பாட்டு வரும்’, ‘நீச்சல் வரும்’, ‘தெலுங்கு வரும்’ என்பன போல அறிவையும் திறனையும் நம்மை நோக்கி வருவனவாகக் கூறுவது தமிழின் இயல்பு. அச்சிலோ அவர் தொடங்குகிறார், பயில்கிறார், தேர்ச்சி பெறுகிறார். தம் விருப்பத்தால் ஒரு துறையைத் தேர்ந்து, தம் முயற்சியால் உயர்ந்த தனி மனிதராக அவரை மாற்றியது வேற்றுமை உருபின் மாற்றமே. பரம்பரையாக ஒரு தொழிலுக்குள் தள்ளப்பட்டவரின் வரலாறு, வேலையைத் தேர்ந்துகொண்டவரின் வரலாறாகிவிட்டது.

‘குடுத்துட்டாங்க’ என்பதிலுள்ள துணைவினையும் நோக்கத்தக்கது. தமிழ்த் துணைவினைகள் வினையின் நிறைவை மட்டுமன்றிப் பேசுபவரின் மனப்பாங்கையும் சுட்டவல்லவை என்பதை இ. அண்ணாமலை 1985இல் வெளியான தம் ஆய்வில் விரித்துரைத்துள்ளார். இங்கு ‘விடு’, இனித் திரும்ப முடியாத ஒன்று நடந்துவிட்டது என்னும் குறிப்பைத் தருகிறது. எழுத்தாக்குவோர் முதலில் வெட்டுவது இத்துணைவினைகளைத்தான். ‘வந்துட்டேன்’ என்பது ‘வந்தேன்’ ஆகிறது. ‘பாடிக்கிட்டுக் கெடந்தேன்’ என்பது ‘பாடினேன்’ ஆகிறது. சொற்சிக்கனம் என்று இதற்குப் பெயர். பக்கத்திற்கு நான்கு வரி மிச்சமாகும் என்பது உண்மைதான்.

சொல் தேர்வில் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. அவர் ஒருமுறையேனும் நாகசுரம் என்னவில்லை. நாயனம் என்றே கூறினார். அச்சில் ஓரிடத்திலும் நாயனம் இல்லை. நாகசுரமா, நாதசுரமா என்று அறிஞர்கள் வாதிட்டதை அறிந்திருந்த கட்டுரையாளர் அதில் ஒரு பக்கம் சேர்ந்தார். வாசிப்பவரின் சொல் எதுவென்று எண்ணிப் பார்க்கவில்லை.

(2) நாடா: நான் பொறந்த வருசம் பெரும்பொயலாம். எங்க தாத்தா அந்தக் காத்துலயும் நிறுத்தாம வாசிச்சாராம்.

அச்சு: நான் பிறந்த ஆண்டில் பெரும்புயல் வீசியது. என் தாத்தா அந்தப் புயலிலும் நிறுத்தாமல் வாசித்தார்.

‘ஆம்’ என்னும் இடைச்சொல் மட்டுமே நீங்கியிருக்கிறது. ஆனால் அது நீங்கியதும் செவிவழிச் செய்தி கண்கூடான சான்றாகிவிடுகிறது. தமக்குத் தெரிந்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதில் அம்முதியவர் மிகுந்த கவனத்தோடு இருந்தார். கட்டுரையாளரிடம் அக்கவனம் இல்லை. இந்நேர்காணலை எவரேனும் வரலாற்றுச் சான்றாகக் காட்டியிருப்பின் அப்பிழைக்குப் பொறுப்பு கலைஞருடையதன்று.

(3) நாடா: சம்பளம் கேட்டேன். ‘போடா, கோயில் காசு ஒனக்கா’ன்னாரு. அவருக்கு எம்மவன் வயசு.

அச்சு: ஊதியம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். இத்தகைய அவமானங்களை என் வாழ்வில் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

இதுவே மிகவும் வருந்தத்தக்க இடம். பேச்சுத் தமிழில் நிகழ்ச்சியை எடுத்துரைப்போர் பிறர் கூற்றை நேர்க்கூற்றாகவே தருவர். எழுத்தாக்குவோர் அதனை அயற்கூற்றாக்குவர். அல்லது ஒரு வினைக்குள் சுருக்கிவிடுவர். இங்கு நேர்க்கூற்றோடு ‘டா’ போய்விட்டது. ‘ன்னாரு’ என்பதிலுள்ள மரியாதை ஈறும் போய்விட்டது. மகன் வயதுடைய ஒருவர் தம்மை ‘டா’ என்று விளித்ததை, அவரை ‘ஆர்’ ஈற்றால் சுட்டியே அவர் சொன்னார். சாதி, பதவி, வயது ஆகிய மூன்றும் அந்த இரண்டு ஒட்டுகளுக்கிடையில் நின்றன. ‘மறுத்துவிட்டார்கள்’ என்பதில் யாரும் யாரையும் இழிவு செய்யவில்லை.

‘அவமானம்’ என்ற சொல் நாடாவில் எங்கும் இல்லை. அது கட்டுரையாளர் சேர்த்தது. இலபாவும் வாலெட்சுகியும் 1967இல் எடுத்துரைப்பின் உறுப்புகளுள் ஒன்றாக மதிப்பீட்டைக் காட்டினர். கதையை நிறுத்திவிட்டுக் கேட்போரை நோக்கி ‘இது இன்ன பொருளுடையது’ என்று கூறுவது புறமதிப்பீடு. நிகழ்ச்சியை அடுக்கும் முறையிலேயே அதனை உணர்த்துவது உள்ளமைந்த மதிப்பீடு. புறமதிப்பீடு நடுத்தர வகுப்பினரின் எடுத்துரைப்பில் மிகுதியாக வருவது என இலபாவ் 1972இல் எழுதினார். ‘அவருக்கு எம்மவன் வயசு’ என்னும் தொடர் உள்ளமைந்த மதிப்பீட்டிற்குச் சிறந்ததொரு காட்டு. அதனை நீக்கிவிட்டு, தம் வகுப்பாருக்குப் பழகிய புறமதிப்பீட்டைக் கட்டுரையாளர் அதனிடத்தில் வைத்தார். அவர் காட்டிய ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் இட்டார் என்பதே இதன் பொருள்.

இதழ் வந்ததும் அதனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் செல்ல நேர்ந்தது. பேத்தி உரக்கப் படிக்க, அவர் முழுவதும் கேட்டார். பிறகு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. யாரு சொன்னது இதெல்லாம்?” என்றார். அன்று அதனை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

மூன்று கேள்விகள்

எழுத்தாக்கத்தில் மட்டுமன்றிக் கேள்வியிலும் பெயர்ப்பு தொடங்கிவிடுகிறது. கலைஞர் நேர்காணலுக்கென ஒரு வாய்பாடு உருவாகியிருக்கிறது: உங்கள் கலைப்பயணம் எவ்வாறு தொடங்கியது? நீங்கள் சந்தித்த போராட்டங்கள் யாவை? தற்போது என்ன படைப்பில் ஈடுபட்டுள்ளீர்கள்? இவை ஒவ்வொன்றிலும் ஒரு முற்கோள் மறைந்திருக்கிறது. பயணம் எனில் புறப்பட்ட இடமும் சேருமிடமும் வேண்டும். போராட்டம் எனில் வெற்றி தோல்வி வேண்டும். தற்போதைய படைப்பு எனில் முந்தையதிலிருந்து வேறுபட்ட ஒன்று வேண்டும். நாவலாசிரியர், திரைப்பட இயக்குநர், ஓவியர் ஆகியோருக்கு இம்முற்கோள்கள் பொருந்தலாம். ஒரே பாரதக் கதையை ஐம்பது ஆண்டுகளாக ஆடிவரும் கூத்துக் கலைஞரிடம் ‘அண்மைப் படைப்பு’ பற்றிக் கேட்டால் அவர் என்ன கூறுவார்? பெரும்பாலும் கேட்பவரின் முகத்தைப் பார்த்து, அவர் எதிர்பார்க்கும் விடையொன்றைத் தேடித் தருவார். நேர்காணல் என்பது தன்னளவில் ஒரு பேச்சு நிகழ்வு, அதற்கெனப் பண்பாட்டு விதிகள் உண்டு, அவ்விதிகள் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒன்றாக இல்லாதபோது கிடைக்கும் விடைகள் ஐயத்திற்குரியவை என்று பிரிக்ஸ் 1986இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தினார்.

பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாயின் வாழ்க்கை வரலாறு இதற்குத் தக்க காட்டு. 1956இல் பிலாய்க்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தவர். பாடியதற்காகத் தம் பார்தி சமூகத்தாரால் விலக்கப்பட்டவர். தனிக் குடிசை அமைத்து வாழ்ந்தவர். பதின்மூன்றாம் வயதில் பத்து ரூபாய்க்குத் தம் முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் என்பன அவரைப் பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவன. பெண்கள் அமர்ந்து பாடும் வேதமதி முறையிலேயே பாடிவந்த காலத்தில், நின்றாடிப் பாடும் காபாலிக முறையை அவர் மேற்கொண்டார். 2019இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். விலக்கம், குடிசை, விருது என்னும் வரிசை பயண வாய்பாட்டில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு பாடகிக்கு அமர்ந்து பாடுவதிலிருந்து எழுந்து நிற்பது எத்தகைய மாற்றம், தம்பூராவே வீமனின் கதையாகவும் அருச்சுனனின் தேராகவும் மாறும்போது பாடலின் தொடரமைப்பு எவ்வாறு மாறுகிறது என்பன போன்ற கேள்விகளுக்கு அவ்வரிசையில் இடமில்லை. அவருடைய கலையின் புதுமை அங்கேதான் இருக்கிறது.

மொழி அளவில் மற்றொரு சிக்கலும் உண்டு. அவர் கலையை நிகழ்த்தும் மொழி சத்தீசுகரி. அவரைப் பற்றிய செய்திகள் இந்தியில் அச்சாகி, ஆங்கிலத்தின் வழியாக நமக்குத் தமிழில் வருகின்றன. சமூகத்திலிருந்து விலக்கியதை இந்தியில் இயல்பாகக் கூறுவதாயின், எழுவாயைக் கூறாமல் ‘முஜே நிகால் தியா’ என்று முடிக்கலாம். இது கட்டுரையாளர் அமைத்துக்கொண்ட தொடரேயன்றி அவருடைய மேற்கோள் அன்று. இவ்வினை விலக்கியவர் ஒருவரா பலரா என்பதைக் காட்டாது. விலக்கப்பட்டவர் பெண் என்பதையும் காட்டாது. தமிழ் வினைமுற்றோ பேசாமல் இருக்க முடியாதது. ‘விலக்கினார்கள்’ என்றால் மனிதர் பலர் முன்வந்து நிற்பர். ‘சமூகம் விலக்கியது’ என்றால் அஃறிணை ஈறு எல்லாரையும் மறைத்துவிடும். ‘விலக்கப்பட்டேன்’ என்றால் அரசாணையின் நடை வந்துவிடும். ஆங்கில வழியே வரும் தமிழில் செயப்பாட்டு வினையே மிகுதி. ‘தியா’ என்னும் துணைவினைக்கு நேரான ‘விடு’ நம்மிடம் இருந்தும் அது பயன்படுவதில்லை. ‘என்னத் தள்ளி வச்சுட்டாங்க’ என நம் ஊர்களில் சொல்லும் தொடர் அவ்விந்தித் தொடருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்கலாம்.

யாருக்கு எழுத்து, யாருக்குப் பேச்சு

பேச்சு வழக்கை அப்படியே அச்சிட்டுவிட்டால் இக்குறைகள் தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். அதற்கு இடையூறாக இருப்பது நம் இதழ்களில் நிலவும் ஓர் ஏற்றத்தாழ்வு. கல்வி கற்ற எழுத்தாளரும் கருநாடக இசைக் கலைஞரும் எழுத்து வழக்கில் அச்சாகின்றனர். கூத்துக் கலைஞரும் கரகம் ஆடுவோரும் பறையிசைப்போரும் ‘வந்தேனுங்க’, ‘சொன்னாருங்க’ என்று அச்சாகின்றனர். ஒரே இதழின் ஒரே தொகுப்பிலேயே இதனைக் காணலாம். மெய்யாகவே பேசும்போது அவ்வெழுத்தாளரும் ‘வந்தேன்’ என்பதன் இறுதி னகரத்தை ஒலிப்பதில்லை; உயிரை மூக்கொலியாக்கியே பேசுகிறார். ‘வந்துட்டாங்க’ என்பது பேராசிரியருக்கும் பொது வழக்கே. தமிழ் எழுத்து மூக்கொலி உயிரைக் காட்டாது என்பதால், எவருடைய பேச்சையும் ‘அப்படியே’ எழுதுதல் இயலாது. ஆக, பேச்சு வடிவில் எழுதுவது ஒலிப் பதிவு அன்று. ஓர் அடையாளக் குறி. அக்குறி சிலருக்கு மட்டுமே இடப்படுகிறது.

எழுத்தாளரின் பேச்சிலிருந்து ஆங்கிலச் சொற்கள் களையப்படுகின்றன. ‘ஆக்சுவலா’ என்பது ‘உண்மையில்’ ஆகிறது. நாட்டார் கலைஞரின் பேச்சிலோ வட்டார வடிவங்கள் தேடிச் சேர்க்கப்படுகின்றன. ஒருவர் தாம் பேசுவதைக் காட்டிலும் தூய தமிழ் பேசுபவராகிறார். மற்றவர் தாம் பேசுவதைக் காட்டிலும் கொச்சையாகப் பேசுபவராகிறார். எழுத்துமுறையே ஒரு கொள்கை என ஆக்ஸ் 1979இல் கூறியது குழந்தை மொழி ஆய்வை நோக்கியே. நம் நேர்காணல் பக்கங்களுக்கும் அது பொருந்தும்.

திருத்தும் உரிமையிலும் இதே நிலை. 1953இல் தொடங்கிய பாரிஸ் ரிவியூ இதழ், எழுதியெடுத்த படியைப் பேட்டி தந்த எழுத்தாளரிடமே காட்டித் திருத்தச் செய்யும் முறையைக் கைக்கொண்டு புகழ்பெற்றது. அதனால் அந்நேர்காணல்கள் உரையாடலின் பதிவு என்பதைவிட இருவர் கூடி எழுதிய கட்டுரை என்பதே பொருத்தம்; அதில் ஒளிவுமறைவு இல்லை. நம்மிடையேயும் எழுத்தாளர்கள் மெய்ப்புத் திருத்துகின்றனர். எழுத்தறிவு குறைந்த கலைஞருக்குப் படித்துக் காட்டும் வழக்கம் இல்லை. மேற்காட்டிய நேர்காணலில் அதைச் செய்ய ஒரு மாலைப் பொழுது போதுமாக இருந்திருக்கும்.

இங்கு ஒரு மறுப்பைக் கருத வேண்டும். பாமாவின் கருக்கு 1992இல் பேச்சு வழக்கிலேயே வந்து தமிழ் உரைநடையின் எல்லையை மாற்றியது. 1982இல் கரிசல் வட்டாரத்திற்குச் சொல்லகராதி கண்ட கி. ராஜநாராயணன் பேச்சு மொழியிலேயே எழுத வேண்டும் என்று இறுதிவரை வாதிட்டார். இவற்றைக் கண்ட பின்பும் பேச்சு வடிவை இழிவென்பது பொருந்துமா? பொருந்தாது. ஆனால் இவர்கள் தம் பேச்சைத் தாமே எழுதினர். எந்த ஒலியை எழுத்தில் காட்டுவது, எதனை விடுவது என்பதைத் தாமே முடிவு செய்தனர். நேர்காணலில் அம்முடிவு பிறர் கையில் இருக்கிறது. வேறுபாடு மொழி வடிவில் இல்லை. அதனைத் தெரிந்தெடுக்கும் உரிமையில் இருக்கிறது.

ஒலியை மாற்றுதலும் இலக்கணத்தை மாற்றுதலும்

எழுத்தாக்கத்தில் இருவகை மாற்றங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, பேச்சொலி வடிவத்திற்கு நேரான எழுத்து வடிவத்தை இடுதல்: குடுத்துட்டாங்க, கொடுத்துவிட்டார்கள். மற்றொன்று, வேற்றுமை, துணைவினை, இடைச்சொல், கூற்று முறை, சொல் ஆகியவற்றை மாற்றுதல். முன்னதை எல்லாருக்கும் ஒரே சீராகச் செய்துவிட்டுப் பின்னதை அறவே தவிர்க்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மேற்காட்டியவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் அவ்வாறு எழுதப்படின் பின்வருமாறு அமையும்.

(1அ) எனக்கு ஏழு வயதில் நாயனத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சீவாளியில் காற்றே போகவில்லை. அப்புறம் தானாக வந்தது.

(3அ) சம்பளம் கேட்டேன். ‘போடா, கோயில் காசு உனக்கா’ என்றார். அவருக்கு என் மகன் வயது.

இவை பிழையற்ற எழுத்துத் தமிழே. எந்த ஆசிரியரும் இவற்றைத் திருத்த வேண்டியதில்லை. நாட்டுப்புறத்தான் என்னும் குறி நீங்கியது. அவர் சொன்னது நீங்கவில்லை. எல்லா இடங்களிலும் இவ்வளவு எளிதாக முடியாது என்பதும் உண்மை. ‘அதுக்கோசரம்’ போன்றவை ஒலி மாற்றமா, வேறு சொல்லா என்பதில் ஐயம் எழும். பேச்சில் தொடர் முறிந்து வேறொரு தொடராகத் தொடங்கும் இடங்களை என்ன செய்வது என்பதற்கும் ஒரே விடை இல்லை. ஒருவேளை ஒரு நேர்காணலின் முன்னே, எவ்வகை மாற்றங்கள் செய்யப்பட்டன என இரண்டு வரி எழுதினால் பாதிச் சிக்கல் குறையும்.

பிற மொழிகளுக்கு மொழிபெயர்ப்போருக்கு (3அ) போன்ற தொடர்களே அறைகூவல். இந்தியில் இழிவு விளியும் மரியாதைப் பன்மை வினையும் உண்டு. ஆகவே முரண் பிழைத்துவிடும். ஆங்கிலத்தில் ‘என்றார்’ என்பதன் ஈற்றுக்கு இடமில்லை. வயதைக் கூறும் மூன்றாம் தொடரே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அதனை வெட்டிவிட்ட அச்சு வடிவத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் எவ்வளவு திறமையுடையவராயினும் பயனில்லை. தன்மைப் பன்மைக்கும் இதே நிலை. அக்கலைஞர் தம் குடும்பத்தாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘நாங்க’ என்றவர், நாடாவின் இறுதியில், ‘நாமதான தம்பி இதெல்லாம் பாத்துக்கணும்’ என்று கேட்பவரையும் உளப்படுத்திக்கொண்டார். அச்சில் இரண்டும் ‘நாங்கள்’ ஆயின. மலையாளம், தெலுங்கு, மராத்தி, குசராத்தி ஆகியவற்றில் இவ்வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இல்லை. தமிழிலேயே அழித்துவிட்டதை மராத்தி மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து மீட்பார்?

ஒன்று எஞ்சுகிறது. நேர்காணல்களில் அடைப்புக்குறிக்குள் (சிரிக்கிறார்) என்று எழுதுவதுண்டு. பெரும்பாலும் நகைச்சுவையான விடைக்குப் பின். துன்பத்தைக் கூறுவோரின் சிரிப்பை செபர்சன் 1984இல் தனியே ஆராய்ந்தார். தம் துன்பத்தைக் கூறுபவர் இடையே சிரிப்பார். அத்துன்பம் தம்மை வீழ்த்திவிடவில்லை என்று காட்டும் சிரிப்பு அது. கேட்பவர் வழக்கமாக அதில் சேர்ந்துகொள்வதில்லை. துன்பத்திற்கே செவி கொடுப்பார். நாடாவில் ‘எம்மவன் வயசு’ என்று சொல்லிவிட்டு அந்த முதியவர் சிரிக்கிறார். இப்போது அந்நாடாவை முழுமையாக எழுதியெடுத்து வரும் கட்டுரையாளர் அவ்விடத்தில் (சிரிக்கிறார்) என்று எழுதியிருக்கிறார். அதனையடுத்து (கேட்பவரும் சிரிக்கிறார்) என்றும் எழுத வேண்டியிருந்தது.